ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வில் எதைப் பார்க்கிறார்கள், வீட்டிலேயே எப்படித் தயாராவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். அம்மாபேட்டையில் குடியிருக்கிறீர்கள். மகன் தமிழ் வழியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். வரும் ஜூனில் அவனை ஆங்கில வழித் தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்க ஆசைப்படுகிறீர்கள். சேலத்துக்குள் ஒரு பள்ளி, ஏற்காட்டில் விடுதியோடு ஒரு பள்ளி என்று இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் ஜனவரி கடைசியில் என்ட்ரன்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துப் பயிற்சி மையத்தில் மூன்று மாதத்துக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். கட்டலாமா, வீட்டிலேயே முடியுமா, சட்டப்படி இப்படித் தேர்வு வைக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். கூடவே சின்னவளுக்கு எல்.கே.ஜி. சேர்க்கை.

நான் சேலத்தில் தனியார் பள்ளிகளில் கணக்கு ஆசிரியராக இருந்தவன். சேர்க்கைத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, அதை வைத்துப் பெற்றோரிடம் பேசுவது எல்லாம் என் வேலையாக இருந்தவை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். உங்கள் மகனுக்கு வேண்டியது அங்கே கிடைக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

ஆறாம் வகுப்புச் சேர்க்கைத் தேர்வை ஒரு போட்டித் தேர்வு மாதிரி பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அது அப்படி இல்லை. திருத்துகிறவர் மனதில் இருப்பது ஒரே கேள்விதான்: ஜூன் மாதம் இந்தப் பையனை எங்கள் வகுப்பில் உட்கார வைத்தால் பாடம் அவனுக்குப் பிடிபடுமா? அதற்காகத்தான் ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பத்தி கொடுத்துக் கேள்வி கேட்கிறார்கள். கணக்கில் நான்கு அடிப்படைச் செயல்கள், பின்னம், தசமம், அளவைகள், நேரம் என்று போகிறார்கள். சில பள்ளிகளில் தமிழும், கொஞ்சம் பொது அறிவும் இருக்கும். மதிப்பெண்ணைவிட விடைத்தாள் எப்படி இருக்கிறது என்பதுதான் பேச்சில் அடிபடும். 'கணக்கு நன்றாக இருக்கிறது, ஆங்கிலம்தான் படிக்க வரவில்லை', 'வாய்ப்பாடு தெரிகிறது, கேள்வி புரியவில்லை' என்றுதான் பேசிக்கொள்வோம். இதற்கு மூளைப் புதிர்த் தாள்களைக் கட்டுக்கட்டாகப் போட்டுப் பழக்குவதால் ஒரு பயனும் இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. சர்வதேசப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளிகள் சில கேட்4 என்ற திறனறித் தேர்வு வைக்கின்றன. அதில் சொல், எண், உருவம், இடவுணர்வு என்று நான்கு பகுதிகள் இருக்கும். நீங்கள் பார்த்த பள்ளி அந்த வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகையாக இருந்தாலும், மாதிரித் தாள் சிலவற்றைப் போட்டுப் பார்த்துக் கேள்வியின் வடிவம் பழகினால் போதும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 13-ஆம் பிரிவு இரண்டைத் தடுக்கிறது: நன்கொடை வாங்குவதையும், குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பதையும். ஒரு குழந்தையை விட்டுவிட்டு இன்னொரு குழந்தையை எடுக்க வேண்டும் என்றால் குலுக்கல் மாதிரியான முறையில்தான் எடுக்கலாம் என்பது அதன் பொருள். மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரைக்கும், அடுத்தடுத்த முறை ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம். நன்கொடைக்கு, வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை. இது 6 வயது முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள பாதுகாப்பு. ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் இது வராது. அங்கே தேர்வு வைத்தால் இந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேட்க முடியாது.

அப்படியென்றால் ஆறாம் வகுப்புக்கு எப்படித் தேர்வு வைக்கிறார்கள்? இரண்டு காரணம். ஒன்று, 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. ஏற்காட்டில் உள்ள பழைய விடுதிப் பள்ளிகளை, 1917-இல் தொடங்கிய மான்ட்போர்ட் உட்பட, கிறிஸ்தவத் துறவற சபையினர்தான் உருவாக்கினார்கள். சிறுபான்மைத் தகுதி உள்ள பள்ளி என்றால் 13-ஆம் பிரிவை அங்கே காட்ட முடியாது. (2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு இந்தத் தீர்ப்பு சரிதானா என்று ஐயம் தெரிவித்து, விஷயத்தைத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது.) இரண்டாவது காரணம், மற்ற பள்ளிகள் இதைத் தேர்வு என்று எழுத்தில் சொல்வதில்லை. 'பையனின் நிலையைத் தெரிந்துகொள்ளத்தான்' என்பார்கள். சேர்த்துக்கொண்ட பிறகு எந்தப் பிரிவில் போடலாம், எதில் தனிக் கவனம் கொடுக்கலாம் என்று பார்க்கத்தான் வைக்கிறார்கள் என்றால் அதில் தவறில்லை, எனக்கும் அது பிடிக்கும். அதை வைத்து இடம் இல்லை என்று திருப்பி அனுப்பினால்தான் தவறு.

என்னைக் கேட்டால், விண்ணப்பம் வாங்கப் போகும்போதே சட்டத்தைப் பேச வேண்டாம். ஆனால் ஒரு கேள்வியை மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்: 'இந்தத் தேர்வில் மார்க் குறைந்தால் என்ன செய்வீங்க சார்?' அவர்கள் பதிலிலேயே பள்ளியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். 'பாஸானால்தான் சீட்' என்று ஒரு பள்ளி சொல்லும். 'ஏப்ரல், மே மாதத்தில் பிரிட்ஜ் கோர்ஸ் வைப்போம்' (விடுபட்டதை ஈடுகட்டச் சொல்லித்தரும் வகுப்பு) என்று இன்னொரு பள்ளி சொல்லும். தமிழ் வழியில் இருந்து வரும் பிள்ளைக்கு இரண்டாவது பள்ளிதான் நல்லது. சிறுபான்மைத் தகுதி இல்லாத பள்ளி தேர்வைக் காரணம் காட்டி மறுத்துவிட்டால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். 14417 என்ற பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணிலும் கேட்கலாம்.

இனி தயாரிப்பு. முதல் வாரம் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவன் எங்கே நிற்கிறான் என்று மட்டும் பாருங்கள். ஒரு நோட்டில் இந்த நான்கையும் எழுதிக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வேண்டாம்.

5003-இல் இருந்து 1768-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 3235. நடுவில் இரண்டு பூஜ்யம் இருப்பதால் கடன் வாங்கத் தெரியாத பிள்ளை இங்கே தடுமாறும். அடுத்து 612-ஐ 6-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 102 என்று வர வேண்டும். 12 என்று எழுதினால் இடமதிப்பு மனதில் இறங்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவது, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? ஆறில் ஐந்து. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அரையைவிடக் குறைவாக விடை வருகிறதே என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை பாருங்கள், கவனிக்க வேண்டியது அதைத்தான். நான்காவது, ஒரு பெட்டியில் 24 மாம்பழம் அடுக்கலாம், 385 மாம்பழத்தை அடுக்க எத்தனை பெட்டி வேண்டும்? வகுத்தால் ஈவு 16, மீதி 1. விடை 17 பெட்டி. 16 என்று எழுதிவிட்டு நிறுத்தும் பிள்ளைக்கு வகுத்தல் தெரியும், கேள்வியைப் படிக்கத் தெரியாது. 'மீதி அந்த ஒரு பழத்தை என்ன பண்ணுவே?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவனே திருத்திக்கொள்வான்.

இந்த நான்கில் இரண்டு தவறிப்போனால் பயப்பட ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தூக்கி வைத்துவிட்டு மூன்றாம் வகுப்புக் கணக்கில் இருந்து தொடங்குங்கள். பெற்றோர் இதற்குத்தான் சம்மதிக்க மாட்டார்கள். 'ஆறாவது சேரப் போறான், மூணாவது புக்கா?' என்பார்கள். ஆனால் ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்பு அளவிலான இடமதிப்பில் ஓட்டை வைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்புத் தசமத்தை எத்தனை மாதம் போட்டாலும் அது நிற்காது. மூன்றாம் வகுப்பை மூன்று வாரத்தில் ஓட்டிவிடலாம், ஏனென்றால் பாதிக்கு மேல் அவனுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். தெரியாத இடம் எது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஓட்டம். நான்காம் வகுப்புக்கு இன்னும் கொஞ்சம் நாள், பிறகு ஐந்தாம் வகுப்பு. அக்டோபரில் தொடங்கினால் ஜனவரிக்குள் தாராளமாக முடியும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆங்கில வழிப் புத்தகமும் சேர்த்து. பள்ளி சி.பி.எஸ்.இ. என்றால் என்.சி.இ.ஆர்.டி. புத்தகமும் அதே மாதிரி கிடைக்கும்.

ஆங்கில வழிக் கணக்குப் புத்தகத்தைக் குறிப்பாகச் சொல்கிறேன். தமிழ் வழிப் பிள்ளைகள் ஜனவரியில் தோற்பது கணக்கில் இல்லை, கணக்குக் கேள்வியின் ஆங்கிலத்தில்தான். பெருக்கச் சொல்லி 'புராடக்ட்' என்று கேட்டிருப்பார்கள், பையன் கூட்டி வைத்திருப்பான். சம், டிஃபரன்ஸ், கோஷன்ட், ரிமைன்டர், ஃபிராக்ஷன், டினாமினேட்டர், பெரிமீட்டர், ஏரியா, அசென்டிங் ஆர்டர் என்று இந்த வகைச் சொற்கள் ஓர் ஐம்பது அறுபது இருக்கும். ஒரு சின்ன நோட்டில் ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு என்று எழுத வையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு சொல் போதும். உங்களுக்கு ஆங்கிலம் வராது என்று கவலைப்பட வேண்டாம். தமிழ் வழிக் கணக்குப் புத்தகத்தையும் ஆங்கில வழிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கணக்கு இரண்டிலும் இருக்கும். அதைப் பார்த்தே எழுதிவிடலாம். மூன்று மாதத்தில் உங்கள் மகனுக்கு அதிகம் பலன் தரப்போவது இந்த நோட்டுதான்.

ஆங்கிலத்துக்கு இலக்கணப் பயிற்சிப் புத்தகம் வாங்காதீர்கள். சத்தம் போட்டுப் படிப்பதுதான் முதல் மருந்து. தினமும் பதினைந்து நிமிடம், மூன்றாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் இருந்து. எழுத்துக்கூட்டிப் படிக்கிறானா, வாக்கியமாகப் படிக்கிறானா என்று கேட்டாலே தெரியும். படித்து முடித்ததும் தமிழில் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். புரிந்ததா என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. அடுத்த மாதம், அதே பத்தியில் யார், எங்கே, ஏன் என்று நீங்கள் தமிழில் கேளுங்கள், அவன் பத்தியில் விடை இருக்கும் ஆங்கில வரியை விரலால் தொட்டுக் காட்டட்டும். மூன்றாவது மாதம் அதை எழுதட்டும். இதோடு தினமும் ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுத வேண்டும்: என் அப்பா, என் தெரு, நேற்று பார்த்த மழை, ஏதாவது. தப்பு இருக்கட்டும். திருத்தும்போது நாங்கள் பார்ப்பது, மனப்பாடம் செய்த கட்டுரையா, பிள்ளை தானாக எழுதியதா என்றுதான். 'மை ஃபேமிலி' என்று பயிற்சி மையத்தில் எழுதிக் கொடுத்த பத்து வரியை அச்சுப்பிசகாமல் பத்துப் பிள்ளைகள் எழுதி வைத்தால், படிக்கிறவருக்கு ஒரு பிள்ளையைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. தப்போடு எழுதிய நான்கு சொந்த வரிக்கு நான் எப்போதும் கூடுதல் மதிப்புக் கொடுத்தேன், என்னோடு திருத்தியவர்களும் அப்படித்தான். மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது, உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். படம் போட்ட சின்ன ஆங்கிலக் கதைப் புத்தகங்களை மாற்றி மாற்றி எடுத்துவரலாம்.

பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, எந்தப் பருவம் வரைக்கும் கேள்வி வரும் என்பது. நம் மாநிலப் பாடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மூன்று பருவப் புத்தகங்கள். ஜனவரியில் தேர்வு என்றால் மூன்றாம் பருவம் அப்போதுதான் தொடங்கியிருக்கும். கேள்வித்தாள் தயாரிக்கிறவர் வேறு பாடத்திட்டத்துக்காரர் என்றால் இதை யோசித்திருக்க மாட்டார். நீங்கள் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பழைய கேள்வித்தாள் ஒன்றைக் காட்டச் சொல்லியும் கேளுங்கள், சில பள்ளிகள் காட்டுகின்றன. எத்தனை மணி நேரம், தமிழில் விளக்கம் கேட்கலாமா, தமிழ் வழியில் இருந்து வருகிறான் என்று விண்ணப்பத்தில் குறிப்பிடலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள். நான் என்றால் கட்டாயம் குறிப்பிடுவேன். அந்தக் குறிப்போடு வரும் விடைத்தாளை, மனசாட்சி உள்ள ஆசிரியர் வேறு கண்ணோடுதான் பார்ப்பார்.

பயிற்சி மையத்தில் 'சைனிக் ஸ்கூலுக்கும் சேர்த்தே சொல்லித் தருகிறோம்' என்றார்களாமே. அது முற்றிலும் வேறு தேர்வு. பிள்ளைகளை ராணுவ அதிகாரிப் பணிக்குத் தயார்செய்யும் பள்ளி சைனிக் பள்ளி; உடுமலைப்பேட்டை அமராவதிநகரில் இருக்கும் அந்தப் பள்ளிக்குத் தேசியத் தேர்வு முகமை நடத்தும் பொதுத் தேர்வு அது. ஆறாம் வகுப்புக்கு 125 கேள்வி, 300 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். அதில் கணக்குக்கு மட்டும் 150. மொழி, நுண்ணறிவு, பொது அறிவு ஒவ்வொன்றுக்கும் 50. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. சேரும் ஆண்டு மார்ச் 31 அன்று 10 வயது முடிந்து 12-க்குள் இருக்க வேண்டும். அது உண்மையான போட்டித் தேர்வு, அதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படலாம். அந்தப் பள்ளி வேண்டும் என்று உங்கள் வீட்டில் முடிவு இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். இரண்டையும் கலந்தால் பையன் இரண்டுக்கும் தயாராக மாட்டான்.

ஏற்காட்டுப் பள்ளியில் தேர்வு அங்கேயே நடக்கும் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். சேலத்தில் இருந்து முப்பது கிலோமீட்டர்தானே என்று காலையில் கிளம்பாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, வயிறு நிறைய இட்லி சாப்பிட்ட பிள்ளை மேலே போய்ச் சேரும்போது வாடிப்போய் இருக்கும். முடிந்தால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். முடியாது என்றால் முதல் பஸ்ஸில், லேசாகச் சாப்பிட வைத்து, ஸ்வெட்டரோடு கூட்டிப்போங்கள். ஜனவரிக் காலையில் மேலே நன்றாகக் குளிரும், விறைத்த விரலால் பேனா பிடிக்க முடியாது. இரண்டாம் கட்டத் தேர்வை மே மாதம் வைக்கும் பள்ளி என்றால் கோடை விழாக் கூட்டத்தையும் அறை வாடகையையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

விடுதிப் பள்ளியில் எழுத்துத் தேர்வைவிட நேர்முகப் பேச்சு முக்கியம். அங்கே பையனிடம் பாடம் கேட்க மாட்டார்கள். தானே குளிப்பாயா, படுக்கையை மடித்து வைப்பாயா, ராத்திரி அம்மா இல்லாமல் தூங்குவாயா என்று கேட்பார்கள். இதற்கு விடை சொல்லிக் கொடுத்துக் கூட்டிவருகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உண்மையில் அவனுக்கு அங்கே இருக்க விருப்பமா என்று நீங்கள் முதலில் கேட்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை 'போக மாட்டேன்' என்று சொன்னால், அதையும் தேர்வு முடிவு மாதிரியே எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்துப் பள்ளியிலும் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். என்ன வேலை, எவ்வளவு படிப்பு என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். தறி ஓட்டுகிறோம், வெள்ளிப் பட்டறையில் வேலை என்று சொல்லத் தயங்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படும். அவர்கள் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளைகள்.

பணம் கட்டும்போது ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தனியார் பள்ளிகளுக்கான அரசின் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விடுதிக் கட்டணம், பஸ், சீருடை எல்லாம் தனி என்றால் அதையும் எழுதி வாங்குங்கள்.

சின்னவள் விஷயம் எளிது. எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருந்தால் போதும். குழந்தையிடம் நிறம், ஏ-பி-சி-டி எல்லாம் கேட்கிறார்கள் என்றால் அழுதால் அழட்டும், பழக்கிக் கூட்டிப்போகத் தேவையில்லை. அதைவிட முக்கியம், ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் கீழே என்றால், சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் கல்வி உரிமைச் சட்டப்படி ஒதுக்கப்பட்டிருக்கிறது. கல்விக் கட்டணத்தை அரசு கொடுக்கும். விண்ணப்பம் ஆன்லைனில். வீட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிக்கு முன்னுரிமை, கூடுதலாகப் பேர் வந்தால் குலுக்கல். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் அறிவிப்பு வரும். 2025-இல் மத்திய அரசின் நிதிப் பிரச்சினையால் அக்டோபர் வரை தள்ளிப்போனது. வருமானச் சான்று, சாதிச் சான்று, பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றையும் பிப்ரவரியிலேயே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துவிடுங்கள்.

கடைசியாக டி.சி. புதுப் பள்ளியில் இடம் உறுதி என்று எழுத்தில், கட்டண ரசீதோடு வாங்கும் வரை மகனின் டி.சி.யை இப்போதுள்ள பள்ளியில் கேட்காதீர்கள். டி.சி. கொடுத்ததும் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவுத் தளம்) அவன் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிடுவார்கள், புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். இரண்டு பள்ளிக்கும் நடுவில் பெயர் தொங்கினால் ஜூன் மாதம் அலைய வேண்டியிருக்கும். தேர்வில் சரியாக வரவில்லை, மறுபடியும் ஐந்தாம் வகுப்பிலேயே போடுகிறோம் என்று பள்ளி சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். விடைத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலம் மட்டும்தான் குறை என்றால் அதற்காக ஒரு வருடத்தை இழக்கத் தேவையில்லை. கோடை விடுமுறை இரண்டு மாதமும் அந்த நோட்டையும் சத்தம் போட்டுப் படிப்பதையும் தொடர்ந்துவிட்டு, மே கடைசியில் இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.